பொன்னாத்தாள் வீட்டுப் பத்திரமும் துலுக்காத கிடாவும்

அங்கமுத்து அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் அவருடைய கிடாவிலிருந்துதான் நான் தொடங்குவேன். கிடாவை விட்டுவிட்டுச் சொன்னால் பாதி ஆள்தான் தேறுவார். ஜேடர்பாளையத்துக்காரர். அடுத்தவன் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது சொந்த லாரி வைத்திருக்கிறார். கெட்ட வார்த்தை தெரியாத லாரிக்காரர் என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். புத்தியை மட்டும் கிடாவிடம் கொடுத்து வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் ஒரு காரியம் தொடங்குமுன் கருப்பணார் கோயிலில் கிடாவை நிறுத்தி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துலுக்கினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் யாருக்கோ மனக்குறை. மற்றவர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கேட்பார்கள். இவர் வண்டிக்கு டயர் மாற்றவும் கேட்பார். மற்றவர்கள் துலுக்கிய கிடாவை வெட்டிக் குழம்பு வைப்பார்கள். இவரோ, "இது கேக்கற கெடாங், வெட்டற கெடா இல்லீங்" என்று ஒன்றையே வருஷக்கணக்காக வளர்த்தார். அதுவும் தின்று கொழுத்து, கொம்பில் எண்ணெய் மினுமினுக்க, எங்கள் தெருவில் என்னைவிட மரியாதையாக நடக்கும். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

நான் கந்தவேல், பத்திர எழுத்தர். அங்கமுத்து அண்ணன் லாரி வாங்கியபோது வங்கியில் அடமானம் வைத்த வீடு அவருடையது அல்ல. அவர் மனைவி பொன்னாத்தாள் அக்காவுக்கு, அக்காவைப் பெற்ற அப்பா எழுதிக் கொடுத்தது. அன்றைக்குக் கிடா ஒரே சொட்டுத் தண்ணீருக்குத் துலுக்கிவிட்டது. அக்கா வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அதற்குப்பின் வந்த எந்தப் பொங்கலுக்கும் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க விடவில்லை. "அடமானத்துல கெடக்கற ஊட்டுக்கு என்னத்துக்கு அலங்காரம்?" என்றுவிட்டார். ஊரே வெள்ளையாக இருக்க, அந்த வீடு மட்டும் அழுக்கு வேட்டி கட்டியதுபோல் நின்றது.

கடன் தீர்ந்தது. வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், முடியாது. வங்கி அதிகாரி பதிவு அலுவலகத்துக்கு வந்து, கடன் தீர்ந்ததென்று ரசீதுப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஒருவழியாக நாள் குறித்து, டோக்கன் போட்டு, வங்கி அதிகாரி உஷாராணி மேடமும் வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனையும் காணோம், அக்காவையும் காணோம்.

"சார், நான் நாளைக்கு டிரான்ஸ்பர்ல போறேன். புதுசா வர்றவருக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. இன்னிக்கு விட்டா இவங்க அலைய வேண்டியதுதான்" என்றார் மேடம்.

போன் போட்டேன்.

"ரைட்டரே, கெடா இன்னும் துலுக்கலீங்" என்றார் அண்ணன், மழை இன்னும் நிற்கவில்லை என்பதுபோல.

வந்த கோபத்துக்கு அளவில்லை. மேடத்துக்கு ஒரு டீ சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினேன்.

கோயில் முன்னால் ஒரு கூட்டம். நடுவில் கிடா. அக்குளில் பத்திரப் பையை இடுக்கிக்கொண்டு அண்ணன். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, பொன்னாத்தாள் அக்கா. விடியற்காலையிலேயே கிளம்பித் தயாராக நின்றவராம்.

"அண்ணா, கடன் கட்டியாச்சு. இதுல சாமிகிட்ட என்னத்தக் கேக்கறீங்க?"

"சாமி உத்தரவுல வெச்சது ரைட்டரே. உத்தரவில்லாம மீட்டா குத்தமாயிருமுங்."

பூசாரி வீரன் காலையிலிருந்து சாப்பிடாத முகத்தோடு, "எவனோ மனசுல குறை வெச்சிருக்கான். சொல்லிருங்கப்பா" என்றார். உடனே கூட்டத்திலிருந்து அம்மாசி என்ற தோப்புக்காரர் முன்னால் வந்து, தன் தோப்பில் விழுந்த பக்கத்துத் தோப்புத் தேங்காய்களைச் சட்னி அரைத்ததை ஒப்புக்கொண்டார். தண்ணீர் தெளித்தார்கள். கிடா பூசாரியின் மாலையைத் தின்றது. இன்னொருவர், தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அழுதார். தம்பியும் கூட்டத்திலேயே இருந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஊர்ச்சண்டை பாதி அங்கேயே தீர்ந்தது. கிடா மட்டும் அசையவில்லை.

"காதுல ரெண்டு சொட்டு உடுங்க, தன்னால துலுக்கும்" என்றேன்.

"சாமிகிட்டயே தில்லுமுல்லா?" அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பொன்னாத்தாள் அக்கா வாயைத் திறந்தார்.

"ரைட்டரே, ஒண்ணு கேக்கறனுங். பத்திரம் யாரு பேருல இருக்குது?"

"உங்க பேர்லதானுங்க்கா."

"அங்க வந்து யாரு கையெழுத்துப் போடோணும்?"

"மேடமும் நீங்களும். அண்ணன் வரலைன்னாக்கூடப் பரவால்லீங்க."

அக்கா தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"குறை எனக்குத்தானுங். எங்கப்பன் எனக்குக் குடுத்த ஊட்ட வெக்கறப்ப கெடாகிட்டக் கேட்டீங்க. பூசாரிகிட்டக் கேட்டீங்க. லாரி புரோக்கருகிட்டக் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அண்ணன் பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். "அதில்ல புள்ள..."

"எது இல்ல?"

அக்கா பூசாரி கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினார். கிடாவைத் தாண்டி இரண்டெட்டு வைத்தார். அத்தனை மஞ்சள் தண்ணீரையும் அண்ணன் தலையில் கவிழ்த்தார். தண்ணீர் சில்லென்று முதுகுக்குள் இறங்கியதும் மனுஷன், "ஐயோ" என்று தலையிலிருந்து கால்வரை ஒரு உதறு உதறினார் பாருங்கள், எங்கள் ஊர்க் கிடா எதுவும் அப்படித் துலுக்கியதில்லை.

"துலுக்கியாச்சு! உத்தரவு ஆயிருச்சு!" என்று பூசாரி வீரன் கத்தினார். பசி அவருக்கு. கூட்டம் குலவையிட்டது.

பையை அண்ணன் அக்குளிலிருந்து உருவிக்கொண்டு அக்கா என் வண்டியில் ஏறிவிட்டார். அண்ணன் மஞ்சள் சொட்டச் சொட்டப் பின்னாலேயே யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்தார். பதிவு அலுவலகத்தில் அவரைப் பார்த்த உஷாராணி மேடம், "சார், இன்னிக்கு இவருக்குக் கல்யாணமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பதிவு முடிந்தது. அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு பளிச்சென்று புதுச் சுண்ணாம்பில் நின்றது. அக்கா சான்றை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"இந்தப் பழைய அடமானம் இதுல இன்னும் இருக்குதே, அழியாதுங்களா?"

"அழியாதுங்க்கா. கீழ ரசீதுன்னு ஒண்ணு சேரும். அதுக்கப்பறம் மேல இருக்கறதுக்கு உசுரில்ல."

"கெடக்கட்டும். மறந்து போனா எடுத்துப் படிக்கலாம்" என்று சொல்லி, பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கிடாவை இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"ரைட்டரே, நல்ல நேரத்துல வந்தீங்க! தம்மம்பட்டில ஒரு லாரி வெலைக்கு வருது. ஊட்ட வெச்சு வாங்கலாமான்னு இப்பத்தான் கோயில்ல கேட்டேன். தண்ணி படறதுக்கு முன்னாலயே துலுக்கிருச்சுங்!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதவுநிலையில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

"ஊடு என்னோடதுங். நான் இன்னும் துலுக்கலீங்."

அண்ணன் கயிற்றைக் கீழே விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"செரி புள்ள, நீ சொல்லு. ஊட்ட வெக்கலாமா?"

அக்கா அசையவே இல்லை. அண்ணன் கிடாவைப் பிடித்துக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டாயில் கட்டினார்.