மெயின் ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்த பஸ்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. குப்பை வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு எமெட் ப்ரூக்மன் போன் செய்யவில்லை. தெருவைக் கடந்து வந்து, கதவைத் தட்டாமல், என் வாசலில் நின்றிருந்தார். கையில் நாயின் கயிறு. கயிற்றின் மறுமுனையில் டீக்கன்.

"நெல்டா போயிட்டா, ரோவீனா," என்றார். "தூக்கத்துலயே. டாக்டர் வந்து பாத்துட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இவன் இன்னும் சாப்பிடல. இவனுக்கு அவ எவ்வளவு போடுவான்னு எனக்குத் தெரியாது," என்றார். நாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நெல்டா ப்ரூக்மனை வில்லட்ஸ்பர்க்கில் தெரியாதவர்கள் இல்லை. எங்கள் எல்லோருடைய மோசமான முகத்தையும் பிடித்து அட்டையில் ஒட்டித் தந்தவள் அவள்தான். வண்டி ஓட்டும் உரிமம் வாங்கப் போனால், கேமராவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். "சிரிக்காதீங்க. தாடையை இறக்குங்க. அடுத்தது!" கல்யாணப் பெண்ணானாலும் போதகரானாலும் அதே மூன்று வாக்கியம்தான். நெல்டா எடுத்த படத்தில் யாரும் அழகாக இருந்ததில்லை, யாரும் அது தான் இல்லை என்று மறுக்கவும் முடிந்ததில்லை. தீயணைப்புப் படைத் தலைவர் லைல் ஹாஸ்கின்ஸை ஒருமுறை நெடுஞ்சாலையில் நிறுத்திய போலீஸ்காரர், உரிமத்தைப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு இப்ப பரவாயில்லையா சார்?" என்று விசாரித்தாராம்.

அந்த "அடுத்தது!" வீட்டுக்கும் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் முதலில் எமெட்டுக்குத் தட்டு வைப்பாள். அப்புறம் சமையலறைக் கதவைப் பார்த்து, "அடுத்தது!" என்பாள். டீக்கன் எழுந்து வருவான்.

டீக்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீண்ட உடம்பு, குட்டைக் கால், தரையைப் பெருக்கும் காது, கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை. காணிக்கைத் தட்டு பாதி காலியாகத் திரும்பி வந்ததைப் பார்க்கிற சர்ச் பெரியவரின் முகம். பெயர் அப்படித்தான் வந்தது. நல்ல நாய். ஒரே ஒரு குறை: மேலே துணி பட்டால் உட்கார்ந்துவிடுவான். குரைக்க மாட்டான், கடிக்க மாட்டான், துணியைக் கிழிக்க மாட்டான். உட்காருவான். அவ்வளவுதான்.

வேறு ஊரில் பிறந்திருந்தால் இது ஒரு குறையே இல்லை. வில்லட்ஸ்பர்க்கில் ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை நாய்கள் வேஷம் போட்டு ஊர்வலம் போகும். வங்கி வாசலில் தொடங்கி, மெயின் ஸ்ட்ரீட் வழியாக, தீயணைப்பு நிலையத்தில் நடுவர் மேடை முன்னால் முடியும். எங்கள் ஊரில் மேயர் தேர்தலுக்கு ஓட்டுப் போடப் போகாதவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊர்வலத்துக்கு வராதவர்கள் இல்லை. முதல் பரிசு, பொன் வண்ணம் அடித்த பிளாஸ்டிக் பூசணிக்காய். ஜெயித்தவர்கள் அதைத் தெருவைப் பார்த்த ஜன்னலில் அடுத்த அக்டோபர் வரைக்கும் வைத்திருக்கலாம். வைத்திருக்கலாம் என்ன, வைத்தே ஆக வேண்டும்.

விதிகள் கண்டிப்பானவை. நாய் தன் சொந்தக் காலில் மேடை வரை நடந்து வர வேண்டும். தூக்கக் கூடாது, வண்டியில் வைத்து இழுக்கக் கூடாது. வராத நாய்க்கு மதிப்பெண் இல்லை.

நெல்டா டீக்கனைக் குளியல் தொட்டியாக்கினாள். வங்கி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பொரித்த மீனாக்கினாள். முடிதிருத்தும் கடைக்கு முன் உட்கார்ந்தான். ஒரு வருடம் ரொட்டித்துண்டு நடுவில் வைத்த சாசேஜாக வந்தான். அந்த வருடம் தபால் நிலையம் வரைக்கும் போனான், ஊரே கை தட்டியது, பிறகு உட்கார்ந்தான். ஊர்வலம் அவனைச் சுற்றிப் போய்விடும். எல்லா நாய்களும் தாண்டிப் போன பிறகு, நடுத்தெருவில் ஒரு பொரித்த மீனும் அதைக் கெஞ்சிக்கொண்டிருக்கும் நெல்டாவும் மட்டும் இருப்பார்கள்.

"நாய்க்குப் பேண்ட் தைக்கிறவ, புருஷன் பேண்ட்டுக்கு ஒரு பட்டன் வைக்க மாட்டேங்கிறா," என்பார் எமெட்.

"நீ ஊர்வலத்துல நட. உனக்கும் தைக்கிறேன்."

"நானும் உட்காந்துருவேன்."

"தெரியும். நீ வீட்டுலயே அதைத்தானே செய்யறே?"

பூசணிக்காய் ட்ரூடி வான்னாய் வீட்டு ஜன்னலில் இருந்தது. அதற்கு முந்தைய வருடமும் அங்கேதான். ட்ரூடியின் நாய் ஒரு வெள்ளைப் பூடில், பெயர் டச்சஸ். வேஷம் போட்டால் அதன் நடையே மாறிவிடும். சும்மா இருக்கும்போது தெருநாய் மாதிரி குப்பைத்தொட்டியை முகரும். கிரீடம் வைத்தால் கழுத்தை நிமிர்த்தி நேராக மேடைக்குப் போகும். ட்ரூடி தைப்பதில்லை. எல்லாம் பெட்டியில் வரும். ஒருமுறை டச்சஸ் கடல்கன்னியாக வந்தபோது, ட்ரூடி பக்கத்தில் நடந்தபடி ஒரு சின்ன இயந்திரத்தால் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டே வந்தாள். நெல்டா நடுத்தெருவில், உட்கார்ந்திருந்த தன் மீனுக்குப் பக்கத்தில் நின்றபடியே கத்தினாள்: "வேஷம் நாய்க்கா, உனக்கா?" அந்தக் குளிர்காலம் முழுக்க, ஊர்வலத்தை நடத்தும் லைல் ஹாஸ்கின்ஸைத் துளைத்து, புது விதி ஒன்று கொண்டுவரச் செய்தாள்: வேஷம் முழுவதும் நாயின் உடம்பில் இருக்க வேண்டும். ஆள் கையில் பிடித்திருப்பது வேஷமல்ல.

"ஒரே ஒரு தடவை, ரோவீனா," என்று என்னிடம் சொல்வாள். "அந்தப் பூசணிக்காய் என் ஜன்னல்ல இருக்கணும். அவ காரை ஓட்டிட்டுப் போறப்ப பாக்கணும். பாத்துட்டு பிரேக் போடணும்."

இந்த வருடம் மஞ்சள் துணி எடுத்தாள். அட்டை வைத்து விறைப்பாக்கி, இரண்டு பக்கமும் கறுப்புக் கோடு தைத்து, வரிசையாக ஜன்னல் வெட்டினாள். ஜன்னலுக்கு ஒரு குழந்தை முகம். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. நீளமான நாய்க்குப் பள்ளிக்கூட பஸ். பொருத்தம்தான். ஆனால் எனக்குக் கவலையாக இருந்தது.

"இவன் உட்காந்துருவானே, நெல்டா."

"உட்காரட்டும்," என்றாள், பல்லில் நூலைக் கடித்தபடி. "இந்த வருஷம் இவன் உட்காரணும்னுதான் வேண்டிக்கிறேன்."

"அப்புறம் எப்படி ஜெயிப்பே?"

"பாரு நீ." உரிமப் படத்துக்கு ஒத்துவராத அளவுக்குச் சிரித்தாள்.

ஊர்வலத்துக்கு முந்தைய ஞாயிறு ராத்திரி செத்துப்போனாள்.

எங்கள் ஊரில் துக்கம் அலுமினியத் தட்டில் வரும். சீஸ் போட்டு ஓவனில் சுட்ட நூடுல்ஸ், மீன் போட்ட நூடுல்ஸ், கோழி போட்ட நூடுல்ஸ். புதன்கிழமைக்குள் எமெட்டின் ஃப்ரிட்ஜ் மூட முடியாமல் நிரம்பிவிட்டது. கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஃப்ரிட்ஜைத் திறந்து யார் யார் முன்பே கொண்டு வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் தட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை ட்ரூடி வந்தாள். கூடவே போதகர் மெர்ல். அவர் நடுவர்களில் ஒருவர். ட்ரூடியின் கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை.

"எமெட், நாங்க எல்லாரும் பேசினோம்," என்றாள். "இந்த வருஷம் நெல்டா நினைவா ஒரு தனிப் பரிசு. டீக்கனுக்கு. அவன் நடக்கக்கூட வேண்டாம். மேடையிலயே உக்காத்தி வெச்சிடலாம். ரிப்பன் கட்டி."

"அழகா இருக்கும்," என்றார் போதகர். "எல்லாருக்கும் ஒரு ஆறுதல்."

எமெட் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "நெல்டா உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பா, ட்ரூடி?"

ட்ரூடி திடுக்கிட்டாள். "நிறைய."

"நீ அவளை?"

"நானும்தான்."

"அப்ப ஏன் இப்ப மட்டும் இவ்வளவு மரியாதை?" குரல் உயரவில்லை. "அவளுக்கு ரிப்பன் வேண்டாம். உன்னைத் தோக்கடிக்கணும். அதுதான் அவ கேட்டது. இவன் நடப்பான். மத்த நாய் மாதிரியே நடப்பான். நடக்கலன்னா தோப்பான்."

போதகர் நூடுல்ஸ் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நான் போனபோது, எமெட் தையல் மேசை முன் பஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அதைப் போட்டுவிட்டோம். வயிற்றுக்குக் கீழே பட்டை கட்டினோம். டீக்கன் உடனே உட்கார்ந்தான். மேசை மேல் ஒரு சிவப்பு எண்கோணத் துணி கிடந்தது, அட்டை வைத்துத் தைத்தது. நடுவில் வெள்ளையில் "நில்" என்ற எழுத்து. ஓரத்தில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது. எங்கே போக வேண்டியது என்று எங்களுக்குப் புரியவில்லை. ஊசியை எடுத்துவிட்டு அதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸை வங்கி வாசல் வரை காரில் கொண்டுபோனோம்.

டீக்கன் அன்றைக்கு நன்றாகத்தான் தொடங்கினான். முடிதிருத்தும் கடை தாண்டியது. தபால் நிலையம் தாண்டியது. நடைபாதையில் இருந்தவர்கள் கை தட்டவில்லை. தொப்பியைக் கழற்றினார்கள். சாவு ஊர்வலத்தில் வருகிற பஸ் மாதிரி இருந்தது. எமெட்டின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. எங்களுக்குப் பின்னால் டச்சஸ், எகிப்து ராணியாக. அதற்குப் பின்னால் மற்ற நாய்கள். கடைசியில் லைலின் தீயணைப்பு வண்டி.

இரும்புக் கடைக்கு முன்னால், மேடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், டீக்கன் உட்கார்ந்தான்.

எமெட் குனிந்தார். "எழுந்திருடா. இன்னிக்கு ஒரு நாள்." டீக்கன் அவரைப் பார்த்தான். காணிக்கைத் தட்டு முழுவதும் காலி என்பது போன்ற பார்வை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பையிலிருந்து சிவப்பு எண்கோணத்தை எடுத்து எமெட்டிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார், என்னை இல்லை. அதை ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே, பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்து, தெருவை நோக்கி நீட்டினார்.

பள்ளிக்கூட பஸ் குழந்தைகளை ஏற்றி இறக்கச் சிவப்புப் பலகையை நீட்டி நின்றால், அது மடங்கும்வரை யாரும் தாண்டக் கூடாது என்பது சட்டம்; எங்கள் ஊரில் பிரசவ வலியில் ஆஸ்பத்திரி போகிறவளும் பிரேக் போடுவாள். எதிர்ப் பக்கத்தில் வருகிறவனும் நிற்பான். நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு கற்றுக்கொள்வது இது. ட்ரூடி எங்களைச் சுற்றிப் போக ஒரு காலை எடுத்து வைத்திருந்தாள். நடைபாதையிலிருந்து ஒரு சின்னப் பெண் கத்தினாள்: "பஸ் நிக்குது! தாண்டக் கூடாது!"

மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். "தாண்டக் கூடாது! தாண்டக் கூடாது!"

ட்ரூடியின் கால் அந்தரத்தில் நின்றது. இறங்கியது, பின்பக்கமாக. எகிப்து ராணி நின்றாள். எல்லா நாய்களும் நின்றன. தீயணைப்பு வண்டி நின்றது. லைல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்ன அங்கே?" என்றார். "பஸ்ஸு" என்று யாரோ சொன்னார்கள். "ஓ," என்று எஞ்சினை அணைத்துவிட்டார். எதிரே பால் வண்டிக்காரன், ஊர்வலத்தில் இல்லாதவன், அவனும் நின்றுவிட்டான்.

முதல் சிரிப்பு இரும்புக் கடைப் படியிலிருந்து வந்தது. பிறகு தெரு முழுவதும். தொப்பிகள் தலைக்குத் திரும்பின. நெல்டா செத்துப் போனதிலிருந்து அந்த ஊரில் யாரும் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

கூட்டத்தைப் பிடித்து வைத்தாயிற்று. இனி பஸ் கிளம்ப வேண்டும். எமெட் பலகையை மடக்கினார். டீக்கன் அசையவில்லை. நீட்டி மடக்கினார். அசையவில்லை. யாரோ ஒருத்தி சாசேஜ் துண்டு காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எமெட் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். நெல்டாவின் அதே வறட்டுக் குரலில், கேமராவுக்குப் பின்னாலிருந்து வருவது போல, "அடுத்தது!" என்றார்.

டீக்கன் எழுந்தான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். அவள் இல்லை. எதிரே எல்லோரும் இருந்தார்கள். மேடை வரை நடந்தான், நிற்காமல்.

நடுவர்கள் ஒருவரோடொருவர் பேசக்கூட இல்லை. போதகர் மெர்ல் பூசணிக்காயைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது ட்ரூடி மேடைப் படியில் ஏறினாள். அழுதுகொண்டே ஏறினாள்.

"ஆட்சேபணை," என்றாள்.

"ட்ரூடி," என்றார் போதகர், "இன்னிக்கா?"

"அந்தப் பலகை நாய் மேல இல்ல. எமெட் கையில இருந்துச்சு. ஆள் கையில இருக்கறது வேஷம் இல்ல. நெல்டா கொண்டு வந்த விதி அது. என் குமிழி மெஷினுக்காகவே கொண்டு வந்தா." மூக்கை உறிஞ்சினாள். "எமெட்டே சொன்னாரு. மத்த நாய் மாதிரின்னு."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ "வெக்கமா இல்ல?" என்றார்கள். லைல் தலையைச் சொறிந்தார். ஆனால் விதி விதிதான். குளிர்காலம் முழுக்கக் காதில் ஓதப்பட்டவர் அவர்தான். டச்சஸுக்கு முதல் பரிசு. டீக்கனுக்கு இரண்டாவது.

நான் எமெட்டின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் கை தட்டிக்கொண்டிருந்தார். ட்ரூடி படியிறங்கி வந்ததும், "நாசமாப் போறவளே," என்றார். அவளும் அவரும் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "பாத்தியா ரோவீனா," என்றார். "ட்ரூடி நெல்டாவோட சண்டை போட்டா. செத்தவளோட யாராவது சண்டை போடுவாங்களா?"

பூசணிக்காய் இன்னும் ட்ரூடி வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. மஞ்சள் பஸ் நெல்டாவின் தையல் மேசை மேல் இருக்கிறது, பக்கத்தில் சிவப்புப் பலகை. ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே, பலகை வர வேண்டிய இடத்தில், தையல் சுண்ணாம்பால் அவள் கிழித்த கோடு ஒன்று இருக்கிறது. அதில் தையல் இல்லை.