விலை இறங்கும் என்று சொன்ன கடை

போன வாரம் ஒரு மாலில் நடந்துகொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. புது வீடியோ கேம் மெஷினின் அட்டைப்பெட்டியைப் பிரித்து, தெர்மோகோலை உருவியதும் வருமே, அதேதான். கிட்டே போய் விலையைப் பார்த்தேன். சந்தைக்கு வந்து பல வருடமான மெஷின், வந்த நாளைவிட இன்று விலை கூடுதல். "இன்னும் ஏறும் சார்" என்றார் விற்கும் பெண். வாங்கப்போகிறவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த நடிப்பை அன்பு அண்ணன் கடைக்கு வந்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

சிவாஜிநகரில் கறிக்கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது அவருடைய கேம் கடை. ஐடி வேலை கிடைக்காமல் அங்கே சேர்ந்தேன். மட்டன் வாடைக்கு நடுவே கேம் மெஷின் விற்ற ஒரே இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் ஸ்ரீராம்புரத்துக்காரர். சொந்த ஆட்டோவை விற்றுக் கடை போட்டவர். "இது போச்சுன்னா நான் நடுத்தெருதான்டா" என்று ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் வியாபாரம் செய்த லட்சணத்தைக் கேளுங்கள். விலை கேட்டு வருகிறவர்களிடம், "இப்ப வாங்காதீங்க, சொல்ப பொறுங்க, எறங்கும்" என்பார். சொல்ப என்றால் எங்கள் ஊர்க் கன்னடத்தில் கொஞ்சம். பழைய மெஷின்கள் எல்லாம் அப்படித்தான் இறங்கின. முதலில் பணக்காரர் வாங்குவார், சில தீபாவளி கழித்து பொம்மசந்திரா ஃபேக்டரி ஆட்களும் வாங்குவார்கள். அதுவரை காத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கடை மெஷினில் ஆட்டம் இலவசம்.

அப்படிக் காத்திருந்தவர் ஸ்டெல்லா அக்கா. பொம்மசந்திராவில் மாத்திரை பேக்கிங் வேலை. ஞாயிறு பூசை முடிந்து நேரே கடைக்கு வருவார். "எறங்குச்சா?" என்பதுதான் முதல் வார்த்தை. பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கார் ரேஸில் உட்காருவார். வளைவு வந்தால் உடம்பும் சேர்ந்து வளையும். என்னைத் தோற்கடிக்காமல் வீட்டுக்குப் போனதே இல்லை.

விலை இறங்கவில்லை, ஏறியது. மறுபடியும் ஏறியது. டாலர் என்றார்கள், சிப் என்றார்கள், வரி என்றார்கள். துபாயிலிருந்து வருகிறவர்கள் சூட்கேஸில் கொண்டுவந்தால் கொஞ்சம் கம்மியாகும், அதுவும் போயிற்று. "நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க" என்று யாராவது சண்டைக்கு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை. ஞாயிறு கடை நிறைந்திருக்கும், மற்ற நாள் ஈ ஓட்டுவோம். அண்ணன் சாப்பாட்டைத் திறந்துவிட்டு அப்படியே மூடி வைப்பார்.

அப்போதுதான் ஜப்பானில் மட்டும் அதே மாதிரி மெஷினை ரொம்பக் குறைத்து விற்கிறார்கள் என்று தெரிந்தது. அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. கையில் மிச்சமிருந்ததை எல்லாம் போட்டு, தெரிந்த ஆள் மூலம் ஒரு பெரிய பெட்டி நிறைய வரவழைத்தார். பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது.

முதலில் வந்தது ஸ்டெல்லா அக்கா, சேர்த்து வைத்த காசோடு. மெஷினைப் போட்டால் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. மொழியை மாற்ற எல்லா இடத்திலும் தேடினேன். மாற்றவே முடியாது. மற்ற நாட்டுக்காரர் வாங்கிவிடக் கூடாது என்றே, அந்த நாட்டு விலைக்கு அந்த நாட்டு மொழி மட்டும் என்று செய்திருந்தார்கள்.

"நம்மூர்ல ரோட்ல போறவன் நாலு பாஷை பேசுறான். இவ்ளோ பெரிய மெஷினுக்கு ஒண்ணுதானா?" என்றார் அண்ணன். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"பரவால்லண்ணா, எனக்குக் குடுங்க. கார் ஓட்ட என்ன பாஷை வேணும்?" என்றார் அக்கா.

"வேணாம்மா. தெரிஞ்சே இத உன் தலையில கட்டமாட்டேன். சொல்ப..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். பெட்டியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த மாதமே கடையைக் காலி செய்தோம். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார்.

மாலிலிருந்து வெளியே வந்து ஸ்டெல்லா அக்காவுக்கு போன் செய்து அந்த விலையைச் சொன்னேன். எதிர்முனையில் பேக்கிங் மெஷின் ஓடும் சத்தம். எறங்குமா என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அப்டியா. சாப்ட்டியா தம்பி?" என்றார்.