சிவப்புத் துணி இறங்கிய பிறகு

எங்கள் தோட்டில் சாயம் ஊற்றிய அன்று என் அக்கா என்னை ஓங்கி அறைந்தாள். ஏலக்காட்டில் களைவெட்டிக் காய்த்துப்போன கை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை இருந்தும் அதன் வலு குறையவில்லை. இடது காது அடைத்துக்கொண்டது. சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் கையில் கவாத்துக் கத்தி இருந்தது. அவள் முடிக்கட்டும், அடுத்து நாம் என்று நின்றார்கள்.

ஓடையைத்தான் எங்கள் பக்கம் தோடு என்போம். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள் நான். இப்போது பாலக்காட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் தண்ணீரை ஆராய்வது என் பிழைப்பு. அது எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்த மண்ணை அள்ளுகிறது, எந்த விஷத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது என்று பார்க்கிற வேலை. சொந்தக்காரர்களுக்கு இது விளங்கியதே இல்லை. கல்யாண வீட்டில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் என்னைத்தான் தேடுவார்கள். திட்டிக்கொண்டே சரிசெய்தும் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீரைச் சாது என்று நினைப்பவர்கள் மலையில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் தோடு கோடையில் கணுக்காலைத்தான் நனைக்கும். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அதே தோடு ஆள் உயரக் கல்லை உருட்டும். கல்லும் கல்லும் அடியில் மோதுகிற சத்தத்தில் லயத்து அடுப்படித் தட்டுகள் அதிரும். ஒரு வருஷம் மேல்மலையில் உருள் பொட்டியது. சரிவே உடைந்து, மண்ணும் மரமுமாக இறங்கி, கட்டியிருந்த பசுவோடு ஒரு தொழுவத்தை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் ஒரு பலாமரக் கிளையில் பசுவின் கழுத்துக் கயிறு மட்டும் கிடைத்தது. அந்த உருள் தோட்டையே வேறாக்கிவிட்டது. எங்கு பார்த்தாலும் புதுப் பாறைகள், அவற்றுக்குப் பின்னால் வண்டல் படிந்த ஆழமான கயங்கள், தண்ணீர் தேங்கி நிற்கிற குழிகள்.

மழை போட்ட ஆட்டம் அப்படி என்றால் மனிதன் போடுகிற ஆட்டம் மருந்தடிப்பு. ஏலத்துக்கு மருந்தடித்த மறுநாள் காட்டுக்குள் நடந்தால் செத்த தேனீக்கள் காலடியில் நொறுங்கும். தப்பித் தவறி உள்ளே மேய்ந்த கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு துடித்துச் சாகும். என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், மருந்தடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. வேலை முடிந்ததும் டிரம்மைத் தோட்டின் மேல்முனையில்தான் கழுவுவார்கள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கழுவுவதற்கு முன்னால், தோட்டைக் கடக்கிற இடத்தில் நட்ட கம்பில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணியைப் பார்த்ததும் கீழே உள்ள வீடுகளில் குடிதண்ணீர் ஓஸ் குழாயின் தலையைத் தோட்டிலிருந்து தூக்கிக் கரையில் போட்டுவிடுவார்கள். மருந்துக்காரர்கள் குளித்து, கடையில் சாயா குடித்து முடித்ததும் துணி இறங்கும். ஓஸ் திரும்பத் தண்ணீருக்குள் போகும். ஓடுகிற தண்ணீரில் தோஷம் நிற்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தத் துணியை நம்பித்தான் நானும் குடித்து வளர்ந்தேன்.

கல்லூரியில் கண்ணாடிச் சுவர் வைத்த வாய்க்கால் ஒன்று இருக்கிறது. அதில் கல்லும் மணலும் போட்டு முதன்முதலாகச் சாயம் விட்டுப் பார்த்த அன்று எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. நடுவில் ஓடுகிற தண்ணீர் சாயத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கல்லுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் போவதில்லை. அங்கேயே சுழல்கிறது, மாட்டிய சாயத்தை லேசில் விடுவதில்லை. அடியில் வண்டல் இருந்தால் அதுவும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கள் கயங்கள்தான் கண்ணில் நின்றன. எங்கள் ஊரில் ஓஸின் தலையைக் கயத்தில்தான் போடுவோம். கோடையிலும் வற்றாத இடம் அதுதானே.

அக்காவுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. மூன்றாவது தங்கியதும், இனி இவள் குடம் தூக்கக் கூடாது என்று அத்தான் புது ஓஸ் வாங்கினார். தோளில் சுமந்து போய், இருப்பதிலேயே ஆழமான கயத்தில் தலையை இறக்கி, கல் கட்டி, அடுப்படிவரை இழுத்துக் கொடுத்தார். லயத்திலேயே வற்றாத தண்ணீர் தன் வீட்டில்தான் என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அதைக் குடிக்காதே என்று நான் போனில் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன். படிச்ச திமிரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். ஆனால் அன்று வந்தது கோபம் மட்டும் இல்லை, பயம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்க்கட்டும் என்று அந்த வருஷத்து ஆய்வுக்கு எங்கள் தோட்டையே எடுத்தேன்.

என்னோடு வந்தவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், சித்தூர்ப் பக்கம். எங்கள் கல்லூரியிலேயே வேலை. பஞ்சாயத்தில் அனுமதி வாங்கினோம். வீடு வீடாகப் போய், இது கெடுதல் இல்லாத சாயம், ஆனாலும் நான் வந்து சொல்கிறவரை ஓஸைத் தண்ணீரில் இறக்காதீர்கள், சாயங்காலம் ஆகும் என்று சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்களுக்குத் தெரியாத தோடா என்று சிரித்தார்கள். மருந்தடிப்பு இல்லாத ஒரு நாளில் அத்தானே கம்பில் துணி கட்டினார். டிரம் கழுவுகிற அதே இடத்தில் சாயத்தை ஊற்றினோம். தோடு ரத்தினச் சிவப்பாகி, பாறைகளில் அறைந்து, இளஞ்சிவப்பு நுரையாக இறங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் நடுத்தோடு தெளிந்துவிட்டது. நாங்கள் இருவரும் மேலே கயம் கயமாகக் கருவியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாறை நிழலில் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த தண்ணீரில் சாயம் அப்படியே நின்றது. கீழே அத்தான் சாயா குடித்து முடித்தார். தெளிந்த தண்ணீரைப் பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், கை துணியை அவிழ்த்துவிட்டது. துணி இறங்கியதைப் பார்த்து எல்லா வீடுகளிலும் ஓஸ் இறங்கியது. மேலே பாறை மறைவில் இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை.

அக்கா முதலில் பித்தளைச் செம்பில் பிடித்துக் குடித்திருக்கிறாள். செம்பில் நிறம் தெரியவில்லை. அடுத்து அரிசி களைய வெள்ளைச் சட்டியில் பிடித்தபோதுதான் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட அலறல் மேலே எங்களுக்குக் கேட்டது. பிறகு வீடு வீடாக அலறல் எழுந்தது. பிறகு ஆட்கள் மேட்டில் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

பேசவே விடவில்லை. முதலில் வந்தவன் மண்வெட்டிக் காம்பால் கருவிப் பெட்டியை அடித்து நொறுக்கினான். தடுக்கக் கையை நீட்டிய என் சகாவின் நெற்றியில் ஒரு கல் விழுந்தது. புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தலைமுடியைப் பிடித்து என்னைப் பாறையோடு சாய்த்தார்கள். பிடித்தவள் சின்ன வயதில் என்னோடு மாங்காய் திருடியவள். அப்போதுதான் அக்கா சட்டியோடு ஏறி வந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள், அறைந்தாள்.

"ரெண்டு போனது பத்தாதுன்னு இதையும் கொல்ல வந்தியாடி?"

எனக்குள் இருந்த பயமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் வெறியாகிவிட்டது. சட்டியை எடுத்தேன். அத்தனை பேருக்கும் முன்னால் அந்தச் சிவப்புத் தண்ணீரை வாயில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சட்டியைப் பாறையில் அடித்தேன்.

"இது வெறும் சாயம். இதைக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. துணி எறங்குன பொறவும் இது உன் வீட்டுக்கு வந்துச்சுல்ல? இத்தன வருஷமா மருந்தும் இப்படித்தான் வந்துச்சு. அதுக்கு நெறம் இல்ல, அம்புட்டுத்தான்."

தலைமுடியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எல்லாரும் கீழே கயத்தைப் பார்த்தார்கள், அதற்குள் முங்கிக் கிடந்த தங்கள் ஓஸ்களைப் பார்த்தார்கள். அங்கேயே அது முடிந்திருக்க வேண்டும். ஆனால் கிளம்பிவிட்ட கோபம் எங்காவது போய் விழ வேண்டும். தோட்டத்து முதலாளி இருப்பது கொச்சியில், அவ்வளவு தூரம் கல் எறிய முடியாது. டிரம் கழுவுவது யார், துணியை இறக்குவது யார் என்று ஒரு குரல் கேட்டது. எல்லாத் தலையும் கூட்டத்தின் பின்னால் ஏறி வந்து நின்ற அத்தானை நோக்கித் திரும்பியது.

அடித்தார்கள். அவரோடு ஒரே டிரம்மில் மருந்து கலக்கியவர்களும் அடித்தார்கள். அவர் கையை ஓங்கவில்லை, முகத்தைக்கூட மறைக்கவில்லை. நான் ஒருவனைக் கடித்தேன், இன்னொருவனின் சட்டையைக் கிழித்தேன். என் சகா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைக் கட்டிப் பிடித்து இழுத்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அக்கா நடுவில் போய் நின்ற பிறகுதான் நிறுத்தினார்கள். அதற்குள் அத்தானின் வலது கை விரல் ஒன்று ஒடிந்து பின்பக்கமாக மடங்கியிருந்தது.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒருவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கயத்துக்கு இறங்கினாள். அத்தான் சுமந்து வந்து போட்ட ஓஸை வெட்டினாள். ஒரு வெட்டில் அறுந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. மேட்டிலிருந்து வீட்டுவரைக்கும் வெட்டிக்கொண்டே போனாள். அத்தான் அவள் பின்னால் நொண்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் என் சகா துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, உங்க ஊர்ல விருந்தாளி தண்ணி கேட்டா இப்படித்தான் குடுப்பாங்களா?" சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது எங்கள் லயத்துக்கு எதிர்மேட்டு ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. டிரம் கழுவ, தோட்டை விட்டுத் தள்ளித் தனியாகக் குழி வெட்டியிருக்கிறார்கள். முதலாளியிடம் நான் சண்டை போட்டு வாங்கிய குழி. கம்பு மட்டும் நிற்கிறது, துணி இல்லை. அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. வீறிட்டு அழுதால் லயமே விழித்துக்கொள்ளும்.

பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தபோது அத்தான் ஊற்றுக்குப் போகக் குடங்களோடு நின்றார். அன்று குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. ஒடிந்த விரல் கோணலாகவே கூடியிருந்தது. உள்ளே அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"கொழுந்தியா, முன்ன போன அந்த ரெண்டும் என் கையாலதான் போச்சா?"

எனக்கு எதற்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். சாயம் தண்ணீர் போன வழியைத்தான் காட்டும். ஒரு வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதை அது காட்டாது. அதைச் சொல்ல இந்த உலகத்தில் என்னிடம் எந்தக் கருவியும் இல்லை.

"தெரியலத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "நீ இல்லன்னு சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். பிறகு குடத்தை அந்தக் கோணல் விரலில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார்.