ஆறு இனிஷியல் பழனிச்சாமி

1. திரும்பிப்போன மெயில்

எங்கள் பம்பு கம்பெனிக்கு ஈமெயில் வந்து இரண்டாம் வருடம் நடந்தது இது. தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி எங்கள் ஷெட். நான் ஆபீஸ் மேனேஜர். ஒரு திங்கட்கிழமை காலை, ஃபேக்ஸ் மெஷினில் ஒரு தாள் வந்தது. ஆப்பிரிக்காவில் எங்கள் மோனோபிளாக் பம்புகளை வாங்க இருந்த ஒரு பார்ட்டி அனுப்பியது.

‘மூன்று முறை மெயில் அனுப்பினோம். உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது என்று மூன்றும் திரும்பி வந்தன. உங்களுக்கு இந்த ஆர்டரில் விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.’

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது மெயில் பெட்டி மிகச் சிறியது. மோடம் கத்திக் கத்தி லைன் கிடைத்து, உள்ளே போய் மெயில்களை இறக்கினால்தான் பெட்டி காலியாகும். சனிக்கிழமை மாலை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கள் காலைக்குள் குப்பை மெயில் வந்து பெட்டியை அடைத்துவிடும். அன்று நான் எண்ணினேன். அறுபத்திரண்டு மெயில். எங்களுக்கானது நான்கு. மற்றதெல்லாம் உடம்பு இளைக்க மருந்து, வீட்டிலிருந்தே கோடீஸ்வரர் ஆக வழி, பிரிண்டர் மை. நாங்கள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் விலாசம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

முதலாளிக்கு அந்தச் சந்தேகம் எழவே இல்லை. விடை கையில் இருந்தது அவருக்கு. ஃபேக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு நேராக, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனுக்குப் போனார். அங்கே எஸ்தர் அன்றைய புரொடக்‌ஷன் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அவள்தான். காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் எஸ்தர்.

“ஏனம்மணி, எந்நேரமும் இன்டர்நெட்டுல உக்காந்து கண்ட எடத்துல நம்ம விலாசத்த அடிச்சு உட்டா இப்படித்தான் ஆகும். ஆர்டரு போச்சு. உன்னைய நம்பி மிசின வாங்கி வெச்சேன் பாரு!”

முப்பது பேர் இருந்தார்கள். எல்லாக் கையும் நின்றது.

“நான் எங்கீமே குடுக்கலீங்க, முதலாளி.”

“அப்பறம் ஆரு குடுத்தா? நானா குடுத்தேன்? எனக்கு அந்த மிசினத் தொறக்கவே தெரியாது.”

ஆபீசுக்கு வந்ததும் என்னிடம் குரலைத் தணித்துச் சொன்னார். “மாசக் கடைசியில கணக்க முடிச்சு, மருவாதியாத் தாட்டி உட்ருங்க. வேற ஆளு பார்த்துக்கலாம்.”

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. நல்ல மனசால் என்று நினைக்க வேண்டாம். எனக்கு எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். அவளை அனுப்பிவிட்டு அதன் பிறகும் குப்பை வந்தால் என்ன செய்வது? “மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க. எங்கிருந்து ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சுப் பார்க்கறேன்” என்றேன். “என்னமோ பண்ணுங்க” என்று போய்விட்டார்.

2. ஒரு பேர், ஆறு வாசல்

காகிதக் காலத்தில் நாங்கள் செய்துவந்த ஒரு வேலை உண்டு. இரண்டு பத்திரிகைகளில் ஒரே விளம்பரம் கொடுத்தால், ஒன்றில் விலாசத்தோடு ‘பிரிவு 1’ என்றும் மற்றதில் ‘பிரிவு 2’ என்றும் போடுவோம். கம்பெனியில் அப்படிப் பிரிவு எதுவும் கிடையாது. வரும் கடிதத்தைப் பார்த்தால் எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். மெயிலிலும் அதுபோல முடியுமா என்று எஸ்தரிடம் கேட்டேன்.

அழுது முடித்த முகத்தோடு யோசித்தாள். “முடியுங்க சார். மெயில மாத்தி அனுப்பற சர்வீஸ் இருக்குதுங்க. அதுல எத்தனை பேரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். எந்தப் பேருக்கு வந்தாலும் நம்ம ஒரே பொட்டிக்கு வந்து சேரும். நம்ம நெசமான விலாசம் ஒருத்தருக்கும் தெரியாது. வேண்டாத பேர நிறுத்திப்போட்டா அந்தப் பேருக்கு வர்றது அதோட நின்னுரும்.”

பழைய பெட்டியை மூடிவிட்டு, யாருக்கும் சொல்லாத புதிய பெட்டி ஒன்று வாங்கினோம். வெளியே கொடுக்க என்ன பேர் வைப்பது? எங்கள் சேல்ஸ் ஆள் பழனிச்சாமியின் பேரில்தான் எல்லாப் பார்ட்டியும் எழுதுவார்கள். பேரை மாற்றினால் குழம்புவார்கள். இனிஷியலை மட்டும் மாற்றினால்? நம் ஊரில் எந்தக் கம்பெனியில் கூப்பிட்டாலும் நான்கு பழனிச்சாமி திரும்பிப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரன் எவன் இனிஷியலைக் கவனிக்கப் போகிறான்?

பழைய பார்ட்டிகளுக்குக் கே. பழனிச்சாமி, அதுதான் அவருடைய உண்மையான இனிஷியல். தொழில் டைரக்டரிக்கு ஆர். பத்திரிகை விளம்பரத்துக்கு எம். சென்னை ஏஜெண்டுக்கு எஸ். முதலாளிக்குப் புதிதாக அடித்த விசிட்டிங் கார்டில் டி.

“இன்னொண்ணு வேணுங்க சார்” என்றாள் எஸ்தர். “ஜே. நான் இன்டர்நெட்டுல எங்காச்சும் விலாசம் அடிக்க வேண்டி வந்தா அத மட்டும் அடிக்கறேன். குப்பை அதுல வந்தா தப்பு என்னுதுங்க. நீங்க சொல்ல வேண்டாம், நானே போயிக்கறேன்.”

தனக்கே ஒரு பொறி வைக்கச் சொன்னாள். நான் கொஞ்சம் தயங்கினேன். அவள் தயங்கவில்லை.

பதில் எழுதுவதில்தான் கவனம் வேண்டும். ஆர் பேருக்கு வந்த மெயிலுக்கு அப்படியே பதில் போட்டால், அனுப்புநர் இடத்தில் எங்கள் மறைவான பெட்டியின் விலாசம் போய்விடும். ஒவ்வொரு பதிலுக்கும் எஸ்தர் அந்த இடத்தை மாற்றிவிட்டுத்தான் அனுப்புவாள். இந்த ஏற்பாட்டை நாங்கள் பழனிச்சாமியிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் அவரிடம் காலையில் சொன்னது மதியத்துக்குள் காரமடை தேர்வீதிக்குப் போய்விடும்.

3. எனக்கு எத்தனை அப்பனுங்க?

இரண்டு வாரம் குப்பையே வரவில்லை. நல்ல மெயில்கள் மட்டும் வந்தன. பிரிண்ட் எடுத்துப் பழனிச்சாமியின் மேஜையில் வைப்போம். ஒரு நாள் கையில் ஒரு தாளோடு என்னிடம் வந்தார்.

“ஏனுங்ணா, இந்த ஆர் ஆருங்க?”

“யாரு?”

“அதத்தானுங்க நானும் கேக்கறேன். ஆர். பழனிச்சாமின்னு போட்டிருக்குது. நம்ம கம்பெனியில நான் ஒரு பழனிச்சாமிதானுங்களே.”

“டைப்பிங்ல தப்பு விழுந்திருக்கும்.”

“இதுல எம். இதுல எஸ். எல்லாருக்குமா தப்பு விழும்?” தாள்களை மேஜையில் பரப்பினார். முகம் சிவந்திருந்தது. “எம்பட அப்பன் பேரு கருப்பண்ணன். கே. எனக்கு எத்தனை அப்பனுங்கண்ணா? எங்கம்மா காதுல உழுந்தா என்ன ஆகும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. நம் ஆட்கள், பேரைத் தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்வார்கள். இனிஷியலைத் தப்பாக எழுதினால் அது அப்பனைப் பற்றிய பேச்சாகிவிடும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். பிரிவு 1, பிரிவு 2 என்று போட்ட காலத்தில் எந்தப் பிரிவுக்கும் அம்மா இல்லை.

மறுநாள் எஸ்தர் சாப்பிடப் போயிருந்த நேரம். பழனிச்சாமி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து, டைரக்டரி வழி வந்தவருக்கும் விளம்பரம் பார்த்து எழுதியவருக்கும் ஏஜெண்டுக்கும் பதில் அனுப்பிவிட்டார். ‘என் இனிஷியல் கே. தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.’ அனுப்புநர் இடத்தை அவர் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லாத விலாசம் மூன்று பேருக்குப் போய்விட்டது.

எஸ்தர் திரும்பி வந்து, அனுப்பிய மெயில்களைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “போச்சுங்க சார். இனி இவங்க நேராப் பொட்டிக்கே எழுதுவாங்க. அங்கிருந்து குப்பை வந்தா எந்தப் பேர்ல வந்துதுன்னே தெரியாது. முதலாளி என்னையத்தான் சொல்லுவாரு.”

வாசலில் நின்றிருந்த பழனிச்சாமி, “என்ன கண்ணு ஆச்சு?” என்றார். இனிமேல் மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னேன்.

பழனிச்சாமி உள்ளே வந்தார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். “அம்மணி, மிச்சம் இருக்கற இனிஷியல அப்படியே வெச்சுரு. எம்பட அப்பன் செத்து எட்டு வருசமாச்சு. ஒரு மாசத்துக்கு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.”

4. கார்டில் பிறந்தவன்

மாதத்தின் கடைசி வாரம் கோயமுத்தூரில் ஒரு தொழிற் கண்காட்சி நடந்தது. முதலாளி மூன்று நாளும் போய்வந்தார். நான்காம் நாள் காலை மோடம் இறக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. நாற்பத்தொன்று. உடம்பு இளைக்க மருந்து திரும்ப வந்துவிட்டது.

எஸ்தர் மவுஸைப் பிடித்தாள். யாருக்கு எழுதியிருக்கிறார்கள் என்ற வரியை ஒவ்வொரு மெயிலிலும் திறந்து பார்த்தாள். டி. டி. டி. பழனிச்சாமி பின்னால் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். நானும் எண்ணினேன். நல்ல மெயில் மூன்று. மற்ற முப்பத்தெட்டும் டி. ஜே-க்கு ஒன்றுகூட இல்லை.

“சார், ஜே-வ இன்னொருக்காப் பாருங்க” என்றாள். பார்த்தேன். காலி.

முதலாளியிடம் நான் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே, பழனிச்சாமி பிரிண்ட் தாள்களை அள்ளிக்கொண்டு அவர் அறைக்குள் போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

“முதலாளி, இந்த டி. பழனிச்சாமியப் பாருங்க. இவனுக்குத்தான் குப்பை பூரா வருது.”

“ஆருய்யா இவன்?”

“இவன் உங்க கார்டுல பொறந்தவனுங்க. வேற எங்கீமே இவனக் கெடையாது.”

முதலாளி பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். டி. எங்கள் ஏற்பாட்டை நான் விளக்கிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“கண்காட்சியில கார்டு ஆருக்காச்சும் குடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். கார்டு கேக்கறவங்ககிட்ட இல்லீங்கன்னு சொல்லி எங்க ஊட்டுல பழக்கமில்லீங்க.” கொஞ்சம் யோசித்தார். “வாசல்ல ஒரு கண்ணாடிப் பொட்டி வெச்சிருந்தாங்க. கார்டு போட்டா குலுக்கல்ல பிரிட்ஜுன்னாங்க.”

“போட்டீங்களா?”

“போட்டேன்.”

“ஒண்ணா?”

“ஒண்ணு போட்டா பிரிட்ஜு உழுகுங்களா? கைக்கு வந்தத அள்ளிப் போட்டேன்.” குரல் இறங்கியது. “போன வருசமும் போட்டேன்.”

போன வருடக் கார்டில் எங்கள் பழைய விலாசம் இருந்தது. குப்பை முதலில் வந்த வழியும் அதுதான். குலுக்கல் பெட்டியிலிருந்த கார்டுகளை யாரோ பட்டியலாக அடித்து விற்றிருக்கிறார்கள். முதலாளி கொடுத்தது வெறும் அட்டை என்று நினைத்தார். அது எங்கள் வாசல் சாவி.

“அந்த டி-ய நிறுத்த முடியுமா, அம்மணி?”

“நிறுத்திப்போடலாங்க.”

“நிறுத்திப்போடு. மாசக் கடைசின்னு நான் சொன்னத மறந்துரு. நாளைக்கு எப்பவும்போல வா.”

எஸ்தர் நகரவில்லை. சேலை முனையைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது.

“வாரேனுங்க முதலாளி. ஆனா நீங்க என்னையப் பேசுனது இந்த ரூம்புக்குள்ள இல்லீங்க. வைண்டிங்குல, எல்லாரு முன்னாலயும் பேசுனீங்க. எங்க ஊருப் புள்ளைக நாலு பேரு அங்க வேலை செய்யறாங்க. எங்கம்மாவுக்கு அன்னிக்குப் பொழுதோடவே சேதி போயிருச்சுங்க. பேசுன எடத்துலயே ஒரு வார்த்த சொல்லிப்போட்டீங்கன்னா…”

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில், தோட்டத்துக் கூலியின் மகள் ஒரு முதலாளியிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் முகம் இறுகியது. கார்டை மேஜைமேல் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

டீ நேரம். வைண்டிங் செக்‌ஷனில் எல்லோரும் டம்ளரோடு நின்றார்கள்.

“எல்லாரும் சித்த கேளுங்க. மெயில் பொட்டி ரொம்புனது என்னால. எம்பட கார்டுனால. இந்தப் புள்ளை ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு நான் பேசுனது தப்பு.”

அதற்குள் பழனிச்சாமி மூலம் கதை எப்படியோ முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது போலும். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

“பிரிட்ஜு உழுந்துச்சுங்களா, முதலாளி?”

முதலில் சிரித்தவர் முதலாளிதான். பிறகு செக்‌ஷன் முழுவதும் சிரித்தது. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போர்டில் அன்றைய எண்ணிக்கையை எழுதப் போனாள்.

ஆப்பிரிக்க ஆர்டர் முழுதாகத் திரும்பி வரவில்லை, பாதி வந்தது. நான் ஓய்வுபெறும் வரை, யாருக்கு எந்தப் பேரில் விலாசம் கொடுத்தோம் என்று பார்க்காமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. இப்போது என் பேத்தி கைபேசியில் கேட்கிற இடத்திலெல்லாம் விலாசத்தைத் தட்டிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பேர் கொடு, வேண்டாதபோது அதை மட்டும் சாத்திக்கொள் என்று சொல்கிறேன். சிரிக்கிறாள். ஆனால் அந்த மாதத்தில் நான் கற்றது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை. எஸ்தர்மேல் பழி போட முதலாளிக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அது பொய் என்று காட்ட எங்களுக்கு ஒரு மாதமும் ஆறு இனிஷியலும் தேவைப்பட்டன. காட்ட வழி இல்லாத இடங்களில் எத்தனை பேர் மாதக் கடைசியில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள்? எல்லாவற்றையும் எண்ணிப் பழகியவன் நான். அந்தக் கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.