மிஸ்ஸுக்கு முன்னால் அம்பா

யுத்தம் முடிந்த புதிதில் எங்கள் கரைக்கு யார் வந்தாலும், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று மனதுக்குள் விசாரிக்காமல் நான் தேநீர் நீட்டியதில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் அனுப்பினார் என்று ஒரு சிங்கள மிஸ் நானாவின் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து சின்னக் கீபோட் ஒன்றையும் ரெக்கோடர் ஒன்றையும் எடுத்து வைத்தபோது நான் தேநீரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

நானா, என் மூத்த சகோதரர், பாரிசவாதத்தில் வலது கையோடு பேச்சையும் இழந்திருந்தார். நாம் சொல்வதெல்லாம் விளங்கும். வாயைத் திறந்தால் "தத்த, தத்த" மட்டும் வரும்; அந்த ஆத்திரத்தில் கோப்பை பறக்கும். மதினி கோப்பை பொறுக்கிப் பொறுக்கிக் களைத்திருந்தார். "ஒரு சொல்லு வந்தாப் போதும் தம்பி, ஏச்செண்டாலும் பரவால்ல" என்பார்.

"பேச்சு போனவங்களுக்கும் சில நேரம் பாட்டு மிச்சம் இருக்கும்," என்றார் மிஸ், படித்துப் பழகிய தமிழில். "பாட்டைப் பிடிச்சு பேச்சுக்கு வரலாம். உறுதி சொல்ல ஏலாது."

சிலாபத்து மீனவர்களிடமும், வடக்கில் இடம்பெயர்ந்த தாய்மாரிடமும், பேசாத பிள்ளைகளிடமும் இதைச் செய்து பார்க்கிறாராம். ஒவ்வொரு சனத்துக்கும் எந்தப் பாட்டு வேலை செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாம். பாட்டுக் கேட்க வடக்கு வரை போவார்களா? புலனாய்வுக்காரர் இப்போது பாட்டுப் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். தூசு தட்டுகிற சாக்கில் கீபோட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். பற்றரி மட்டும்தான் இருந்தது.

"என்ன தேடுறீங்க?"

"எறும்பு ஏறும் மிஸ்."

"சரி, இவர் என்ன பாடுவார்?"

இப்போது மற்றப் பயம் பிடித்தது. கரைவலை இழுக்கும்போது முன்னால் நின்று அம்பா பாடியவர் நானா. அவர் ஒரு வரி எறிவார், இழுக்கிறவர்கள் "ஏலோ ஏலேலோ" என்று பதில் கொடுத்து இழுப்பார்கள். வரிகளை அங்கேயே கட்டுவார். பெரும்பாலும் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைப் பற்றித்தான். இடுப்புக்கு மேலே தொடங்கும், மேலேயே நிற்காது. வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் நிர்வாகி வீடு வேறு.

"எங்கட ஆக்கள் பாடுறதில்ல மிஸ். சும்மா இழுப்பம். நபி புகழ் பைத் ஏதும் படிச்சுப் பாருங்க."

மிஸ் என்னிடமே கேட்டு ஒரு பைத்தைப் பழகி மெதுவாகப் படித்தார். தாலாட்டும் பாடிப் பார்த்தார். நானா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த முறையும் அதே சுவர்தான். மிஸ் கீபோட்டைப் பைக்குள் வைத்தார்.

"என் முறை இவருக்குப் பொருந்தல்ல. இனி வந்து கரைச்சல் தரமாட்டன்."

ஈரக் கையோடு குசினியிலிருந்து மதினி வந்தார். "தம்பி, மரியாதைய நீங்க பிறகு காப்பாத்தலாம். மிஸ், கொஞ்சம் இருங்க."

உடுப்புக் காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்து, ஒரு நுனியை நானாவின் இடது கையில் திணித்தார். மற்ற நுனியைப் பிடித்து இழுத்தபடி பதிலை முதலில் கொடுத்தார்: "ஏலோ ஏலேலோ."

நானாவின் கை இறுகியது. மதினி மீண்டும் இழுத்தார்.

"சம்மாட்டி வவுத்தப் பாரு!"

நானாவின் வாயிலிருந்து முழு வரி. ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. மதினியின் கண்ணில் தண்ணீர். எனக்கோ அடுத்த வரி தெரியும். யன்னலைச் சாத்த ஓடியதில் கதிரையில் முழங்கால் அடித்து, நொண்டிக்கொண்டு போவதற்குள் அந்த வரி வேலியைத் தாண்டிவிட்டது.

"இப்ப என்ன சொன்னார்?" என்றார் மிஸ்.

"வலை பாரமாம்."

"எனக்கும் தமிழ் கொஞ்சம் விளங்கும்," என்று மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

நானா நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இழுக்கிறவர் எல்லோரும் பதில் கொடுக்காமல் அம்பாக்காரர் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

"உங்களத்தான். கயித்தப் பிடிங்க," என்றார் மதினி.

பிடித்தேன். "ஏலோ" என்றேன். வெளியே வந்தது ஆட்டின் குரல். மிஸ் கீபோட்டை மறுபடி எடுத்து அதே மெட்டை மெல்ல வாசித்து, பாட்டு வரியை விட்டு இனி அந்த மெட்டிலேயே நானாவிடம் ஏதும் கேட்கும்படி மதினிக்குச் சைகை காட்டினார். மதினி இழுத்துப் பாடினார்: "என்ன வேணும், சொல்லுங்க..."

நானாவின் வாய் கோணியது. மெட்டு இரண்டு தரம் போய் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் மறுபடி யன்னல் பக்கம் நகர்ந்தேன்.

"யன்...னல... வி...டுடா!"

மெட்டு பிசகவில்லை. மதினி கயிற்றோடு தரையில் குந்திவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! முதல் ஏச்சு தம்பிக்குத்தான். மிஸ், வாற கிழமையும் வருவீங்கதானே?"