வண்டிக்கு ஒரு ஆள்

இங்கே வண்டிகள் தனியாக நிற்கின்றன. இங்கிலாந்துக்கு வந்து எத்தனையோ வருடமான பிறகும் எனக்கு அது பழகவில்லை. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கார்கள். உள்ளே ஒருவரும் இல்லை, பக்கத்திலும் ஒருவரும் இல்லை. பூட்டிவிட்டுப் போனவர் எங்கே போனார், எப்போது வருவார் என்று யாரும் கேட்பதில்லை. எதிர் வீட்டுக்காரர் ஒருமுறை விடுமுறைக்குப் போய் வரும்வரை அவருடைய கார் அதே இடத்தில் நின்றது. இலைகள் விழுந்து கண்ணாடியையே மூடிவிட்டன. தினமும் அதை ஜன்னல் வழியாக நான் எட்டி எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். கடைசியில் அந்த மனிதர் வெயிலில் சிவந்துபோய் வந்து, இலைகளைத் தட்டிவிட்டு, வேலைக்குப் போனார்.

இலங்கையில், எங்கள் மாத்தளையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே ஆளில்லாமல் நிற்கும் வண்டி வண்டியே இல்லை, குண்டோ என்ற சந்தேகம். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல விலகுவார்கள். யாராவது பொலிசுக்குச் சொல்வார்கள். பிறகு வண்டிக்காரனைத் தேடுவார்கள். வண்டிக்காரன் தமிழன் என்றால் மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வந்த பிறகும் அங்கே சண்டை ஓயவில்லை, இதை எழுதும் இன்றைக்கும் ஓயவில்லை.

என் வீட்டுக்காரர் கணேசன் அங்கே ஹயர் வேன் ஓட்டினார். கல்யாணம், விமான நிலையம், கோயில் பயணம் என்று ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஒருமுறை பல்லேபொலப் பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்துக்குப் போனார். வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் கப்பலில் அனுப்பிய பெட்டிகளை அவர்கள் எடுக்க வேண்டியிருந்தது. குடும்பம் உள்ளே போனதும் இவர் வெளியே காத்திருந்தார். வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒருவன் வந்து, "அண்ணே, சாவியக் குடுத்துட்டுப் போய் டீ குடிங்க. நான் ஒதுக்கிப் போடுறேன்" என்றிருக்கிறான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான் என்று இன்றைக்கும் சொல்வார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நிறுத்தவே கூடாத ஒரு மதிலோரம் வேன் நிற்கிறது. சனங்களைத் தூரத் தள்ளிவிட்டு இராணுவம் சுற்றி நிற்கிறது. சாவி வாங்கியவனைக் காணோம். யாருடைய வண்டி என்று கேட்டார்கள். இவர் கையைத் தூக்கினார்.

தூக்கிய கையை இறக்கப் பல நாள் ஆனது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கைக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. பல்லேபொலக் குடும்பத்து அம்மா பொலிஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்து, இவரை எங்களுக்குத் தெரியும், எங்களோடு வந்தவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் மனுஷன் வீடு வந்து சேர்ந்தார். வேனும் வந்தது, சீட்டுகள் கிழிந்து, கதவின் உள்பக்கம் கழன்று.

அதோடு எங்கள் வீட்டில் சட்டம் ஒன்று வந்தது. சாவி கை மாறக் கூடாது. வண்டியில் எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். சீகிரியாவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட ஏறியதில்லை. ஹயர் பிடித்து வந்தவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள், இவர் அவர்களுக்குத் துணையாகப் போவார், நான் மரத்தடியில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். அங்கேயுள்ள குரங்குகளுக்கும் மரப்பொம்மை விற்பவர்களுக்கும் என்னை நன்றாகத் தெரியும். ரிவர்ஸ்டன் மலைப் பனியையும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சுற்றுலா என்றால் மலை, அருவி. எனக்கு அது வெயிலில் காய்ந்த சீட்டின் வாசம். கோபம் வராதா என்றால் வரும். ஆனால் கை தூக்கிய மனுஷனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

ஆகவே எங்கள் மகள் சுதா, "நார்வேக்குக் கப்பல்ல போய்ட்டு வாங்க, டிக்கெட் எடுத்தாச்சு" என்று சொன்னபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் வந்தது. வாழ்க்கையில் ஒருமுறையாவது வண்டிக்குக் காவல் இருக்காமல், இருவரும் சேர்ந்து இறங்கிப் போய் எதையாவது பார்க்க வேண்டும்.

கப்பல் சவுத்ஹாம்ப்டனில் இருந்து புறப்படும். ரயிலில் போங்கள் என்றாள் சுதா. சொந்த வண்டி வாசலில் நிற்க எதற்கு ரயில் என்றார் இவர். அப்படியானால் காரை எங்கே விடுவது என்ற கதை ஆரம்பமானது. நாமே பூட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுபோகக்கூடிய இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. மாத்தளைப் பக்கத்து ரத்தோட்டையைச் சேர்ந்த பழைய பழக்கக்காரர் ஒருவர் சவுத்ஹாம்ப்டனில் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் விட்டால் ஜன்னலால் பார்த்துக்கொள்வார் என்று இவர் போன் போட்டார். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதியாம். கடைசியில் சுதாவே ஏற்பாடு செய்தாள். காரைக் கப்பல் வாசலுக்கே கொண்டுபோக வேண்டும், அங்கே ஒருவர் வந்து சாவியை வாங்கி, எங்கோ கொண்டுபோய் நிறுத்துவார். திரும்பும் நாளில் அதே வாசலுக்குக் கொண்டுவருவார்.

"யாரு அவரு?" என்று கேட்டார் இவர்.

"கம்பெனி ஆளுப்பா."

"பேரு என்ன?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"பேரு தெரியாத ஆளுகிட்ட சாவியக் குடுக்கச் சொல்றே. அதுவும் ஹார்பர்ல."

சுதாவுக்குக் கொழும்புக் கதை தெரியும். ஆனால் கதையாகத் தெரிவது வேறு. அவள் தகப்பனின் தோளில் கையை வைத்தாள். "சரிம்மா" என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

என் சந்தேகம் வீண்போகவில்லை. துறைமுகத்துக்குள் திரும்பியதும் தடுப்புக் கம்பம், மஞ்சள் சட்டைக்காரர்கள், கை காட்டி வண்டிகளை நிறுத்துவது எல்லாம் வந்தன. எங்களுக்குக் காட்டிய இடத்தில் காரை நிறுத்தினார். நான் இறங்கிப் பெட்டிகளை எடுப்பதற்குள் அவருடைய கைகள் பழைய வேலையைத் தொடங்கிவிட்டன. நான்கு கதவுகளையும் விரியத் திறந்தார். பொனட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தார். டிக்கியைத் திறந்து பெட்டிகளின் ஜிப்பையும் இழுத்துவிட்டார். பிறகு தள்ளிப் போய் நின்று, இரண்டு பாஸ்போர்ட்டையும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். மாத்தளையிலிருந்து கொழும்பு வரை இராணுவத்தின் ஒவ்வொரு செக் பொயின்டிலும் வண்டிக்காரர்கள் இப்படித்தான் நிற்பார்கள். வெட்கக்கேடு, நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

சாவி வாங்க வந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய, தொந்தி வைத்த வெள்ளைக்காரர். திறந்த காரைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. கார் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம். நேரே போய் இஞ்சினுக்குள் தலையை விட்டார். பொனட்டுக்குள் தலையை விடுகிறவர்களை என் வீட்டுக்காரருக்குத் தெரியும். இன்னும் நிமிர்ந்து நின்றார்.

"எப்போதிலிருந்து இப்படி?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வெள்ளைக்காரர்.

"வீட்டில் இருந்து நேரே வருகிறோம் சார். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை."

"புகை ஏதாவது வந்ததா?"

"இல்லை சார். அப்படி ஒன்றும் எங்களிடம் இல்லை சார்."

வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இழுபட்ட ஜிப்பையும், பிதுங்கி நின்ற என் சேலையையும், நீட்டிய பாஸ்போர்ட்டையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டிருந்தன. ஆட்கள் சக்கரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு கப்பலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். "கார் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று நான் சொன்னேன். "அப்படியானால் சாவி, லவ்" என்று கையை நீட்டினார். முன்பின் தெரியாதவளை இப்படி அன்பே என்று அழைக்கும் ஊர் இது, அதற்கு மட்டும் நான் பழகிவிட்டேன்.

இவர் சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "சரசு, நீ போய்ட்டு வா. நான் வண்டிய வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார்.

"நான் மட்டும் போய் என்னத்தப் பாக்குறது?"

"நீ இவ்வளவு காலம் உக்காந்திருந்தே. இப்ப நான் இருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கணக்கில் வைத்திருந்தார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மூக்கைச் சிந்திக்கொண்டே அந்த வெள்ளைக்காரரிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் நாட்டில் யுத்தம். வண்டி தனியாக நின்றால் குண்டு என்று நினைப்பார்கள். அதனால் எப்போதும் ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். இவர் ஒருமுறை துறைமுகத்தில் சாவியைக் கொடுத்து, பிடிபட்டார்.

அவர் பொனட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அமுக்கி மூடினார். "நான் பெல்ஃபாஸ்ட்காரன்" என்றார். வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அவருடைய சிறுவயதில், அம்மா கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டுப் போவாராம். ஆளில்லாத காரைக் கண்டால் இராணுவம் வெடிக்க வைத்துவிடும் என்பதால். "உங்கள் வீட்டில் யார் உட்கார்ந்தது?"

"நான்தான்."

"சலிப்பாக இருந்திருக்குமே?"

"குரங்குகள் இருந்தன" என்றேன்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் சிரித்துவிட்டேன். அதைப் பார்த்து இவரும் சிரித்தார், பிறகுதான் வெள்ளைக்காரர். பின்னால் இருந்த காரிலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள். "உங்க பேரு?" என்று முதலில் தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டார் இவர். "கெவின்." இவர் கோயிலில் விபூதி வாங்குவதுபோல இடது கையை வலது முழங்கையில் வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். கெவின் ஏறி உட்கார்ந்தார். கதவை இவரே சாத்திவிட்டார். கார் வளைந்து மறையும்வரை நின்று பார்த்தோம். "ஆளு உள்ளதான இருக்காரு" என்றார் இவர், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது என் உடம்பு லேசாகிவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

கப்பலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒன்றிலும் உறைப்பு இல்லை. ஆனால் நார்வேயில் கப்பல் நின்ற ஓர் ஊரில் மலை ஒன்று இருந்தது. அதில் ஏறினேன். மூச்சு வாங்கியது, முழங்கால் வலித்தது, இடையிடையே உட்கார்ந்தேன், ஆனால் உச்சி வரை ஏறினேன். இவரும் பக்கத்திலேயே வந்தார். மேலேயிருந்து பார்த்தபோது கீழே கப்பல் தனியாக நின்றது.

திரும்பி வந்தபோது கார் அதே வாசலில் நின்றது. கெவின் இல்லை, ஓர் இளம்பெண் சாவியைத் தந்தாள். சீட்டு மட்டும் கெவினின் தொந்திக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. இவர் அதைச் சரிசெய்தபோது, "நல்லா வச்சிருந்திருக்காரு" என்றார். வீடு வரும் வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓட்டினார். டீ குடிக்கலாம் என்று நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் நிறுத்தினார். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு பாதி தூரம் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"வாயேன் சரசு."

"நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். "நான் இருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கடைக்குள் போனார். சுற்றிலும் எத்தனையோ கார்கள், ஒன்றிலும் ஆள் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். மற்றக் கால் வரவில்லை. அவர் இரண்டு கோப்பைகளோடு வந்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, திறந்த கதவில் சாய்ந்து நின்று குடித்தார். இறங்கு என்றும் சொல்லவில்லை, காலை உள்ளே எடு என்றும் சொல்லவில்லை. டீ முடியும்வரை நான் அப்படியே இருந்தேன், ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில்.