பொத்தானை அழுத்திய இன்னொருதரம்

அந்தப் பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, "இன்னொருதரம் வந்தா இந்தச் சாவிய குடுத்துடு" என்றார். "இப்பதானே கெளம்புறீங்க, இன்னொரு தரம் எப்ப வருவீங்க?" என்று இவள் கேட்க, மனிதர் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

இன்னொருதரம் என்பது அவருடைய தங்கை. மூன்று அண்ணன்மாருக்குப் பிறகு, போதும் போதும் என்றிருந்த வீட்டில் வந்து பிறந்தவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் எழுதிய சீட்டை ஒருத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருத்தி மருந்தை எடுத்துவந்து, டப்பாவில் எழுதியிருப்பதைத் தானும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டு, சீட்டோடு ஒத்துப் பார்த்து, முதல் ஆள் "ஆச்சு" என்றால்தான் மருந்து ஜன்னலைத் தாண்டும். அந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கால் கிலோ சர்க்கரை வாங்கி வா என்றாலும், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்பாள். திருப்பிச் சொல்லிவிட்டு, நாம் ஆச்சு என்கிற வரை செருப்பு மாட்ட மாட்டாள்.

சீட்டைப் படிக்கிறவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். இவளைவிடப் பதினைந்து வயது மூத்தவள். கரகரத்த குரல், கறாரான பேச்சு. மூன்றாம் ஜன்னலில் பதினேழு வருடமாக இருவரும் ஒரே ஜோடி. ஒருத்தி வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவள்தான் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

தொலைக்காட்சியில் வேலையிடங்களுக்கு இடையே வினாடி வினா வைத்தார்கள். அணிக்கு நாலு பேர். ஆஸ்பத்திரியிலிருந்து யார் போவது என்று பரீட்சை வைத்ததில் டாக்டர்மாரெல்லாம் தோற்றுப்போக, சீட்டக்கா, இன்னொருதரம், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சமையல்கூடத்து மேஸ்திரி என்று நாலு பேர் தேறினார்கள். சீட்டக்காதான் தலைவி. ஐந்து ஆட்டம் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கும் போய்விட்டார்கள்.

இறுதி ஆட்டத்தைப் படம் பிடித்த மறுநாளிலிருந்து இன்னொருதரத்தின் சாப்பாட்டு டப்பா பாதி மிச்சத்தோடு திரும்பி வர ஆரம்பித்தது. அதில் பாதி எப்போதும் சீட்டக்காவின் பங்கு. மூன்று நாள் பார்த்துவிட்டு அண்ணி கேட்டாள்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஒளிபரப்பாகற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க அண்ணி."

"ஆட்டத்துக்குத்தானே கையெழுத்து? சண்டைக்குமா?"

இன்னொருதரம் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். ஐந்து வாரம் கழித்து, ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்னால்தான் கொஞ்சம் வாய் திறந்தாள். ஒன்றாம் தேதியிலிருந்து தன்னை ஐந்தாம் ஜன்னலுக்கு மாற்றச் சொல்லிச் சீட்டக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். மேலதிகாரியும் சரி என்றுவிட்டார். சொல்லும்போது இன்னொருதரம் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"பதினேழு வருஷம் அண்ணி. நான் சொன்னதுக்கெல்லாம் ஆச்சு சொன்ன வாய். இப்ப வேலைக்கு மேல என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல. சீட்டப் படிச்சு ஆச்சுங்கறாங்க, அவ்வளவுதான்."

"நீ போய்ப் பேசேன்."

"பேசினா அவங்களுக்குத்தான் கஷ்டம்."

இது என்ன கூத்து என்று அண்ணிக்கு விளங்கவில்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. வீட்டுக்காரர் முப்பது வருடம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துக் காது மந்தமானவர். அவர் வைக்கிற சத்தத்தில் நாலு வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருதரம் கதவோரம் தரையில் உட்கார்ந்து துணி மடித்தாள்.

எதிரணி தீயணைப்பு நிலையத்துக்காரர்கள்.

"மணி அடிச்சா கம்பியில சறுக்கி வர்றவங்க. பொத்தான் அழுத்தறதுல அவங்ககிட்ட உங்க பாச்சா பலிக்குமா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"எங்க நாத்தனார் கை என்ன பூப்பறிக்குமா? பேசாம பாருங்க" என்றாள் அண்ணி.

முதல் பாதியில் ஆஸ்பத்திரிதான் முன்னால் ஓடியது. எட்டுக்கு ஐந்து. சமையல்கூடத்து மேஸ்திரி கடல்களைப் பற்றிக் கேட்ட மூன்று கேள்விக்கும் டக் டக்கென்று சொன்னார். "கடலையே பாக்காத மனுஷன்யா அவரு" என்று இன்னொருதரம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவசரப்பட்டு அழுத்தி இரண்டு கேள்வியைக் கெடுத்தார். தீயணைப்புக்காரர்கள் பத்துக்கு வந்தார்கள், பதினான்கைத் தாண்டினார்கள். சீட்டக்கா ராஜாக்கள் பட்டியலைச் சீட்டு வாசிக்கிற மாதிரியே வாசித்து எட்டிப் பிடித்தாள். வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அண்ணி கண்ணைப் பெட்டிக்கும் கதவோரத்துக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரே துண்டை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஒரே கேள்வி பாக்கி. யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு ஐந்து நொடி. சொல்லாவிட்டால் கேள்வி எதிரணிக்குப் போய்விடும்.

"எந்தக் கிரகத்தில் ஒரு வருடத்தைவிட ஒரு சுற்று நீளம்? அதாவது, சூரியனைச் சுற்றி முடித்த பிறகும் தன்னைத்தானே சுற்றி முடிக்காத கிரகம் எது?"

கேள்வி முடிந்ததும் விளக்கு எரிந்தது. இன்னொருதரத்தின் விளக்கு.

"போடு!" என்று இஸ்திரிக்காரர் தொடையைத் தட்டினார்.

பெட்டியில் இருந்த இன்னொருதரம் நடத்துகிறவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த சீட்டக்கா பக்கம் திரும்பினாள். சீட்டக்கா எண் பலகையை வெறித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மணி அடித்தது. கேள்வி எதிரணிக்குப் போனது. தீயணைப்பு நிலையத்துக்காரர் ஒருவர் மெல்ல, "வெள்ளி?" என்றார். காகிதப் பூ கொட்டியது, அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"தெரியாமலா அழுத்தின? அட கஷ்டமே" என்றார் இஸ்திரிக்காரர்.

"வேன்ல வரும்போது அக்காவும் இதையேதான் கேட்டாங்க" என்று இன்னொருதரம் துண்டைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்காரர் மட்டும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவ சொல்லிட்டா" என்றார்.

"என்னத்த சொன்னா? வாயே தொறக்கலையே."

"தறி ஓடற எடத்துல முப்பது வருஷம் வாயப் பாத்துத்தான்யா பேசினோம். எனக்குத் தெரியாதா? அந்தம்மாகிட்ட திரும்பி, வெள்ளி, வெள்ளின்னு ரெண்டு தடவை சொன்னா. மைக்குக்குக் கேக்கற மாதிரி சொல்லல, அவ்வளவுதான்."

அண்ணிக்கு விளங்கிவிட்டது. பதினேழு வருடப் பழக்கம். பதிலைச் சொல்லிவிட்டு, ஆச்சு என்ற வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறாள். மருந்து ஜன்னலைத் தாண்டவில்லை.

"அப்ப அந்த மகராசி ஏன் ஆச்சு சொல்லல? பக்கத்துல தானே இருந்தா?" அண்ணிக்குக் கோபம் வந்தது. "அவ காதுல விழாம போறதுக்கு நடுவுல என்ன மலையா இருந்துச்சு? இத்தன நாள் பழிய நீ ஏன் சுமந்த?"

இன்னொருதரம் துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் சீட்டக்கா. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். ரவிக்கை ஒரு நிறம், சேலை ஒரு நிறம். வாங்க என்று சொல்லக்கூட அண்ணிக்கு இடம் வைக்கவில்லை. "எங்க அவ? கூப்பிடு" என்றாள். சத்தம் கேட்டு இன்னொருதரமே இறங்கி வந்தாள்.

"என் மருமக பாத்துட்டு, 'அத்தை, அவங்க உங்ககிட்ட என்னமோ சொல்றாங்களே'ங்கிறா. என்னடி சொன்ன?"

"வெள்ளின்னு சொன்னேன்க்கா."

"எந்தப் பக்கம் ஒக்காந்திருந்த?"

இன்னொருதரம் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு உயரம் பாத்து ஒக்கார வச்சாங்க. உங்களுக்கு எடது பக்கம்."

சீட்டக்காவின் கை தானாக இடது காதுக்குப் போனது.

"எப்பலேர்ந்துடி உனக்குத் தெரியும்?"

"ஒரு வருஷமா."

"அதான் எப்பவும் வலப்பக்கமே வந்து நின்னியா? ஜன்னல் காத்துக்காக நிக்கறேன்னுல்ல நெனச்சேன், பாவி."

"சொன்னா சீட்டுலேர்ந்து எடுத்துடுவாங்களேக்கா. ரிட்டையராக ரெண்டு வருஷந்தானே பாக்கி உங்களுக்கு."

"அதுக்காக? நாளைக்கு வேற எவளாவது எடப்பக்கம் நின்னு மருந்து பேரச் சொல்லி, நானும் பேந்தப் பேந்த முழிச்சுட்டு ஆச்சுன்னுட்டா? ஆட்டம் போனா போகுது. மருந்துடி அது." குரல் உடைந்துபோனது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, "காலைல மேலதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். அஞ்சாம் ஜன்னலும் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். அண்ணியைப் பார்த்து, "என்ன பாக்கற? ஒரு வாய் காபி குடுக்க மாட்டியா?" என்று அதட்டினாள்.

அண்ணி வாயில் வந்திருந்த நாலு வார்த்தையை விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் சீட்டக்கா சொன்னபடியே சொன்னாள். அவளைச் சீட்டு வாசிப்பதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொருதரம் பயந்தது பலித்தது. சீட்டக்கா இரண்டு மாதம் கிடங்கில் டப்பா எண்ணினாள். காதுக்கு மெஷின் வைத்து, பரிசோதித்த பிறகு, மூன்றாம் ஜன்னலுக்கே திரும்ப விட்டார்கள், ஆனால் மருந்து எடுக்கிற வேலைக்கு. சீட்டு வாசிக்கிற இடம் இன்னொருதரத்துக்கு வந்தது. அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று ஒரு வாரம் அடம்பிடித்தாள். "ஒக்காருடி, நாற்காலி கடிக்காது" என்று சீட்டக்கா தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாளாம்.

வினாடி வினாவுக்கு அடுத்த வருடமும் அழைத்தார்கள். இருவருமே போகவில்லை.

சீட்டக்கா போன மாதம் ஓய்வு பெற்றாள். இன்னொருதரம் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். காலை எட்டு முதல் நாலு வரை மூன்றாம் ஜன்னலில் சீட்டு வாசிக்கிறாள்.